ஒன்று ஒன்று எண்பது

என் பெயர் சவரிமுத்து. வயது எண்பத்து மூன்று. நான் உயிரோடு இருக்கிறேன். இதை நானே சொன்னால் செல்லாது என்று ஆகி ஒன்பது வருடம் ஆகிறது.

இதைப் பென்சிலால் எழுதுகிறேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பழைய பிரிண்டர் தாள். நான் வேலை பார்த்த நூல் மில் மூடிய அன்று ஒரு கட்டு தூக்கி வந்தது. தாளுக்குக் காது கிடையாது. எழுதி முடித்ததும் அரிசி டிரம்முக்கு அடியில் போய்விடும். இதில் வருகிற நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே செத்த பிறகு யாராவது எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் படித்தால் நீங்கள் நல்லவர் இல்லை.

முதலில் விரலைக் கேட்டார்கள். முப்பது வருடம் பினாயிலில் கை நனைத்தவன் நான். விரலில் ரேகை இல்லை. அப்புறம் கண்ணைக் கேட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. முகமும் குரலும் யாருக்கும் செல்லாது. செத்தவன் முகத்தையும் குரலையும் வைத்து வீட்டில் இருக்கிறவர்கள் போனில் பேச வைத்தார்கள். திண்டுக்கல்லில் ஒருவர் செத்து பதினோரு வருடம் கழித்தும் பென்ஷன் வாங்கினார். அதனால் பதிவகம் ஒரு வழி கண்டுபிடித்தது. பதிவகம் என்றால் ஆபீஸ் இல்லை, ஆளும் இல்லை. ஊருக்கு ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு திரை. வருடத்துக்கு ஒரு நாள், சான்று நாள் என்று, அதன் முன்னால் உட்கார வேண்டும்.

அது வந்த புதிதில் அடுத்த வீட்டு டைலர் காதர் பாயிடம் கேட்டேன். "நேர்ல போய் நிக்கிறேன்ல பாய்? பாத்தா தெரியாதா?"

"ஒரு கெழவன் நிக்கிறான்னு தெரியும் சவரி. எந்தக் கெழவன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு?"

"அதுக்குத் தெரியாத ஒன்னை நீ சொல்லணும். உன் வாழ்க்கையில நடந்தது. வேற எங்கயும் பதிவாகாதது. நீ சொன்னா, அதுகிட்ட இருக்கிற பழைய காகிதத்தோட ஒத்துப் பாக்கும். பொருந்தினா நீதான் நீ. போலியா இருந்தா அதுகிட்ட இருந்து படிச்சதைத்தானே திருப்பிச் சொல்லும்?"

"அதுக்குத் தெரியாதது என்ன பாய் இருக்கு?"

பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "அதான் எனக்கும் பயமா இருக்கு."

அப்போது எனக்குப் பயமில்லை. எழுபது வருட வாழ்க்கையில் சொல்ல விஷயமா இல்லை என்று நினைத்தேன். ஒரு தடவை சொன்னது மறு வருடம் ஆகாது என்பது பிறகுதான் உறைத்தது. அது மட்டுமில்லை. போன் கேட்டாலும், பஸ் கேட்டாலும், வீட்டு பல்பு கேட்டாலும் அதற்குத் தெரிந்ததாகிவிடும். வாயைவிட்டு வந்த ஞாபகம் அத்தோடு காலி. எங்கள் தெருவில் வயதானவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் பொண்டாட்டி எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். "அன்னைக்கு ஒரு நாள்" என்று யாராவது ஆரம்பித்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். திருடனிடமிருந்து நகையை மறைப்பது மாதிரி அவரவர் பழைய காலத்தை மறைத்தோம்.

காதர் பாய் ஒரு பெருநாள் அன்று சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தன் பெண்டாட்டிக்கு யாருக்கும் தெரியாமல் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் பற்றி அவரிடமே சொல்லிச் சிரித்தார். அலமாரியில் போன் இருந்தது. அந்த வருடத்துக்கு அவர் வைத்திருந்ததே அது ஒன்றுதான். கூண்டில் போய்ச் சொன்னபோது, "இது எங்களுக்குத் தெரியும் ஐயா" என்றது. காலமானவர் பட்டியலில் பெயர் ஏறியது. மருந்துப் பெட்டி அவருக்குத் திறக்கவில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். பத்தொன்பதாம் நாள் கட்டிலிலும் செத்தார். நடுவில் அவர் பெண்டாட்டி நூர்ஜஹான், "இதோ உக்காந்திருக்காரே, பாருங்களேன்" என்று போனை அவர் பக்கம் காட்டி அழுதார். வண்டி வந்தது. காலமானவரை நடமாட வைத்த குற்றம். அந்த அம்மா திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம் வந்தது. இன்னும் போகவில்லை.

எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் மில் கம்ப்யூட்டர் ரூம் ஞாபகங்கள். இருபத்தொரு வயதில் நூல் மில்லில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். எட்டாவது பெயில். அந்த வருடம்தான் மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. மேனேஜருக்கே ஏ.சி. கிடையாது, அதற்கு உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபரேட்டர் லோகநாயகி மேடம் மட்டும் தொடலாம். நான் கூட்டலாம், துடைக்கலாம், தேதி சொல்லலாம்.

ஆமாம், தேதி. இன்றைக்கு இது யாருக்கும் புரியாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ராத்திரி அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். காலையில் எழுப்பினால் ஒன்று ஒன்று எண்பது என்று காட்டும். எந்த நாள் அணைத்தாலும் சரி, மறுநாள் அதற்கு எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று. பிறகு இன்றைய தேதி என்ன என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். மேடம் திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுப்பார். "சவரி, இன்னைக்கு என்ன தேதி?" நான் சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டுச் சொல்வேன். அவர் தட்டுவார். நாங்கள் சொன்னதுதான் அதற்குத் தேதி. அதற்கு மேல் கேள்வி கேட்காது. அந்த மாதிரி ஒரு மெஷின் இருந்தது.

முதல் வருடம் கூண்டில் இதைத்தான் சொன்னேன். "அந்தக் காலக் கணினிகளில் பலவும் அப்படித்தான் ஐயா. புத்தகங்களில் இருக்கிறது. வேறு சொல்லுங்கள்" என்றது. முன்பக்கம் சைக்கிள் பூட்டு மாதிரி ஒரு சாவி இருக்கும் என்றேன். தெரியும் என்றது. வேகத்துக்கு ஒரு பொத்தான், அதை அமுக்கினால் வேகம் குறையும் என்றேன். அதுவும் தெரியும்.  கடைசியில் கணக்கர் திருமலைசாமி கதையைச் சொன்னேன். வெளியூர் ஆபீசிலிருந்து கணக்குப் பதிந்து வந்த பிளாப்பியை அவர் கடிதம் என்று நினைத்து, பஞ்சிங் மெஷினில் இரண்டு ஓட்டை போட்டு, டேக் கட்டி பைலில் சேர்த்துவிட்டார். திருமலைசாமிக்கு வந்த மெமோ பதிவகத்தில் இருந்ததாம். எதற்கு மெமோ என்று இல்லையாம். பொருந்தியது. பிழைத்தேன்.

மறு வருடம், மேனேஜர் ஏ.சி. ரூமில் தயிர்ப் பாத்திரம் வைத்தது. அதற்கு அடுத்தது, கம்ப்யூட்டருக்குத் தூசு படாமல் போர்த்திய சேலை யாருடையது என்பது. இப்படி வருடத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன். எட்டாவது வருடம் வந்தபோது கையில் ஒன்றுதான் மிச்சம். அதை நான் வைத்திருந்தது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. வெட்கத்தால்.

அது எனக்கும் லோகநாயகி மேடத்துக்கும் மட்டும் தெரிந்தது. இரண்டு பேரில் யார் முதலில் சொல்கிறார்களோ அவர் பிழைப்பார். மற்றவருக்கு அது செல்லாக்காசு.

சான்று நாளுக்கு ஒரு வாரம் முன்னால், செல்லையா மாவு மில்லில் வாங்கிய கேப்பை மாவுப் பையில் ஒரு சீட்டு கிடந்தது. பென்சில் எழுத்து. 'வியாழன் காலை பத்து. மில்லுக்கு வா. போன் வேண்டாம். லோகா.'

அவரைப் பார்த்தே முப்பது வருடம் இருக்கும். எதற்குக் கூப்பிடுகிறார்? எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதற்குத்தான்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மாவு மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. செல்லையாவுக்கு அந்தச் சத்தத்திலேயே காது போய்விட்டது. எந்திரத்துக்குப் பின்னால், கோதுமை மூட்டைமேல் மேடம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"வந்துட்டியா சவரி. எங்க வராம போயிருவியோன்னு பாத்தேன். கெழடு ஆயிட்டியே."

"நீங்க மட்டும் கொமரியா மேடம்?"

சிரித்தார். நான் வழியில் வாங்கி மடியில் வைத்திருந்த பன்னைப் பார்த்தார். கொடுத்தேன். மூன்றே வாயில் முடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன தேதி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் காலத்தில் தேதி தெரியாதவர் யார்? எனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"பதினாறு."

"உனக்கு இருபதுதானே? மில் ஆளுகளுக்கெல்லாம் சேர்ந்த தேதியிலதான போடுறாங்க. நீ சேர்ந்த தேதி நான் தட்டினதுதான்."

"உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு இன்னும். அதை விடு. கையில ஏதாச்சும் வச்சிருக்கியா?"

நான் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார். "சந்தனம் மட்டுந்தான் மிச்சம். இல்ல?"

தலையாட்டினேன்.

"அதை நீ எடுத்துக்க. எனக்கு வேற இருக்கு. ஆனா சரியா சொல்லணும். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா? சொல்லு பாப்போம்."

முப்பது வருடம் பார்க்காத ஆள், உயிர் போகிற விஷயத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பாரா? என் வாயிலிருந்து விவரத்தைப் பிடுங்கிக்கொண்டு இன்றைக்கே கூண்டுக்குப் போவார். அப்படித்தான் என் புத்தி சொன்னது. பாதியைத் தப்பாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

"முப்பது பேர் இல்லடா, முப்பத்தொரு பேர். பால்ச்சாமிக்கு நான் போட்டது இருநூத்தி முப்பத்தஞ்சு. அவன் சொன்னது இருநூத்தி நாப்பத்தி மூணு. இதை மறந்துராத, அதுதான் முக்கியம்."

"உங்களுக்கு நல்லாத்தான் ஞாபகம் இருக்கு மேடம்."

"நீ மறந்துருப்ப. என்னால முடியல."

எழுந்துவிட்டேன். "திங்கக்கிழமை போய் நல்லபடியா சொல்லு" என்றார். சரி என்றேன். தெருவில் இறங்கி, வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே கூண்டுக்கு நடந்தேன். முன்கூட்டியே வந்தாலும் எடுத்துக்கொள்ளும். வேறு இருக்கிறது என்று அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். இதை நான் சொல்லிவிட்டால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்றும் தெரியும். தெரிந்துதான் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை.

கூண்டுக்குள் கதவு சாத்திக்கொண்டது. திரையில் முகம் எதுவும் வராது. குரல் மட்டும்தான். நல்ல தமிழ்.

"வணக்கம் சவரிமுத்து ஐயா. நான்கு நாள் முன்னதாகவே வந்திருக்கிறீர்கள்."

"மறந்துரக் கூடாதுன்னு."

"சட்டையில் வெள்ளையாக இருப்பது என்ன?"

உயிரே போய்விட்டது. தோளில், காதுக்குக் கீழே, மாவு. "கேப்பை அரைக்கப் போனேன்" என்றேன்.

"கேழ்வரகு மாவு இவ்வளவு வெள்ளையாக இருக்காது."

"முன்னாடி யாரோ கோதுமை அரைச்சாங்க."

 பிறகு, "சொல்லுங்கள் ஐயா" என்றது. சொன்னேன்.

நான் சேர்ந்த மறு வருடம் ஆயுத பூஜை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மெஷின் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சிருடா, ஒன்னு விடாம" என்றார். நான் வேதக்காரன். மாதா கோயிலுக்குப் போகிறவன். எதற்கு வைப்பது, எதற்கு வைக்கக்கூடாது என்று எனக்கு என்ன தெரியும்? நூற்கும் மெஷினுக்கு வைத்தேன், தராசுக்கு வைத்தேன், கம்ப்யூட்டர் நெற்றியில் வைத்தேன். மேஜையில் பிளாப்பிகளை மேடம் பூஜைக்காக உறையை விட்டு எடுத்து அடுக்கியிருந்தார். கறுப்பாகச் சதுரமாக அட்டை மாதிரி இருக்கும். அதில் நீளமாக ஒரு திறப்பு, உள்ளே பழுப்பாகத் தகடு தெரியும். எழுதியதெல்லாம் அந்தத் தகட்டில்தான். விரல் பட்டாலே கெட்டுவிடும். கறுப்பில் சந்தனம் எடுபடவில்லை; பழுப்பு தெரிகிற இடம் நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்தேன். ஒன்று விடாமல். நன்றாக அழுத்தி.

பூஜை முடிந்து போட்டுப் பார்த்தால் எதுவும் படிக்கவில்லை. அதில் இருந்தது நிரந்தரமில்லாத ஆட்களின் வேலை நாள் பட்டியல். முப்பத்தொரு பேர். இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. வருகைச் சீட்டுகளைத் தட்டி முடித்ததும் எரித்துவிடுவது வழக்கம். கம்ப்யூட்டரில்தான் ஏறிவிட்டதே என்று. வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். மேடம் ஞாபகத்தில் இருந்ததை வைத்துக் குத்துமதிப்பாகப் புதுப் பட்டியல் தட்டினார். அணைத்து எழுப்பினோம். ஒன்று ஒன்று எண்பது. தேதி கேட்டது. "சவரி, நேத்து தேதியைச் சொல்லு" என்றார். குப்பையிலிருந்து முந்தின நாள் தாளை எடுத்து வாசித்தேன். அது நம்பியது. பூஜைக்கு முன்னாலேயே போட்ட பட்டியல் ஆகிவிட்டது.

பால்ச்சாமி என்று ஒருவர். இருநூற்று நாற்பத்து மூன்று நாள் வந்தேன் என்று கத்தினார். பட்டியலில் இருநூற்று முப்பத்தைந்து. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா" என்றார் மேனேஜர். பால்ச்சாமி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். மூன்று பெண் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போனார். அதன் பிறகு அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். "இது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

"பால்ச்சாமி வழக்குக் கோப்பு எங்களிடம் இருக்கிறது" என்றது. "அந்தப் பட்டியலில் முப்பத்தொரு எண்களும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகின்றன. உண்மையான எண்கள் எல்லாமே அப்படி முடியாது. காரணம் இதுவரை தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. நன்றி ஐயா."

சந்தோஷப்பட்டது மாதிரி இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு குடும்பம் போனது. அதற்கு ஒரு ஓட்டை அடைபட்டது.

"இதில் வரும் லோகநாயகி அம்மாள் இந்த ஆண்டு மார்ச் மாதம் காலமாகிவிட்டார்."

எனக்குக் காதில் மாவு மில் ஓடியது.

"மார்ச்சுல அவங்க சான்றுக்கு வந்தாங்களா?"

"வந்தார். புதிதாக எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்."

ஒன்றும் இல்லையாம். சந்தனம் இருந்தது அவரிடம். என்னைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறார். பஸ் ஏற்றாது, வீட்டுக் கதவு திறக்காது. செல்லையா மில்லின் மூட்டைக்கு நடுவில் ஏழு மாதம். தலையில் இருந்தது நரை மட்டும் இல்லை, மாவு. பன்னை மூன்று வாயில் தின்றார். தேதி கேட்டார், தெரியாமல்தான் கேட்டார்.

"அவர் காலமானது உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்றது குரல்.

தெரியாது, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் அவருக்கு வண்டி வரும். எனக்கும் வரும். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று கேட்காதீர்கள்.

"தெரியும்."

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"மில் மூடின அன்னைக்கு."

"நன்றி. நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள்."

கதவு திறந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகப்போகிறது. வாரத்துக்கு மூன்று நாள் கேப்பை அரைக்கப் போகிறேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு கேப்பையா என்று தெருவில் கேட்கிறார்கள். ரேஷனில் பாதி அங்கே போகிறது. முதல் தடவை போனபோது, "அன்னைக்கே போயிட்டேன் மேடம். திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கல" என்று காதில் சொன்னேன்.

"தெரியும்டா" என்றார். "உன்னைத் தெரியாதா எனக்கு? நீ எப்பவும் சந்தேகப் பிராணி. அதனாலதான் நான் பட்டியல்ல ஏறின பிறகு உன்னைக் கூப்பிட்டேன். முன்னாடியே கூப்பிட்டிருந்தா நம்பியிருக்கவே மாட்ட."

"ஏன் நீங்க சொல்லல?"

"உறையை விட்டு எடுத்தது நான். படிச்சவ நான். உனக்கு என்ன தெரியும்?" அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது என்னிடம் ஞாபகம் ஒன்றும் மிச்சமில்லை. டிரம்மைக் கவிழ்த்த மாதிரி காலி. படுத்தபடி தேடித் தேடிப் பார்க்கிறேன். பதிவகத்துக்குத் தெரியாமல், எனக்குத் தெரிந்த விஷயம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. செல்லையா மில்லில் மூட்டைக்குப் பின்னால் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பது. நான் அதைச் சொன்னால் பொருந்தும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட நல்ல சான்று கிடையாது. எனக்குத் தண்டனைகூட இருக்காது என்று நினைக்கிறேன். தானாக வந்து சொன்னவனுக்குச் சலுகை உண்டு என்று கூண்டு வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பதிவகத்தைப் பார்த்து நான் பயப்படுவது குறைந்துவிட்டது. போன வருடம் மாவு மில்லிலிருந்து கூண்டுக்கு நேராக நடந்த காலைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். அது என்னுடைய கால்.

அவருக்கு என் நாள் தெரியும். அந்த நாள் வருகிறது என்று தெரிந்தால், "என்னைச் சொல்லிரு சவரி" என்று அவரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர். அவர் வாயால் அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை போயிருந்தேன். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே, ஏ.சி. ரூமில் கேட்ட மாதிரியே கேட்டார்.

"சவரி, இன்னைக்கு என்ன தேதி?"

அக்டோபர் ஒன்பது. என் நாளுக்கு இன்னும் பதினோரு நாள்.

அவர் காதருகே குனிந்தேன். "செப்டம்பர் ஒன்பது மேடம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.